மென்தால் சிகரெட்டின் புகையை ஆய்வகத்தில் அளப்பது எப்படி? காரைக்குடி வெயிலுக்கும் மழைக்கும் ஏற்ற செய்முறை

நாட்டுமருந்துக் கடையில் 'புதினா உப்பு' என்று கேட்டால் ஊசி ஊசியாக வெள்ளைப் படிகத்தைப் பொட்டலம் கட்டித் தருவார்கள். அதுதான் மென்தால். பொட்டலத்தை அப்படியே அலமாரியில் போட்டுவைத்தால் நாளாக நாளாக மெலியும்; பக்கத்தில் இருக்கிற சுக்கும் திப்பிலியும் புதினா மணக்கும். கற்பூரத்தோடு கலந்தால் இரண்டும் இளகித் தண்ணீராகிவிடும். வைத்த இடத்தில் நிற்காத பொருள் இது. மென்தால் சிகரெட்டின் புகையை அளக்கிற வேலையில் பாதிக்கு மேல், இந்தப் பொருள் நம் கையை விட்டு நழுவாமல் பார்த்துக்கொள்கிற வேலைதான். சாதாரண சிகரெட்டுக்கு எழுதப்பட்ட செய்முறையை அப்படியே எடுத்து ஓட்டினால் தாரும் நிகோடினும் ஓரளவு சரியாக வரும், மென்தால் மட்டும் ஆளுக்கு ஒரு எண்ணாக வரும்.

காரைக்குடி வேதியியல் தெரிந்த ஊர். மின்வேதியியல் ஆய்வு நிலையமும் அழகப்பா பல்கலைக்கழகமும் இருப்பதால் ஜிசி (கலவையை ஆவியாக்கிப் பிரித்து அளக்கும் வாயு குரோமட்டோகிராஃப்) ஓட்டத் தெரிந்த பிள்ளைகளுக்கு இங்கே பஞ்சமில்லை. புகை வேலைக்கு ஒத்துவராதது இங்குள்ள தட்பவெப்பம்தான். சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் மென்தால் உருகிவிடும். ஐப்பசி மழையில், புகையைப் பிடிக்கும் ஃபில்டர் பேடு காற்றிலிருந்தே ஈரத்தைக் குடித்துவிடும். அந்த இரண்டையும் கணக்கில் வைத்து எழுதியது இந்தச் செய்முறை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சிகரெட்டை இழுத்துப் புகைக்கும் மெஷின் தருகிற எண்ணைக் கொண்டு ஒரு சிகரெட் இன்னொன்றைவிடத் தீங்கு குறைந்தது என்று சொல்ல முடியாது. மனிதர் மெஷின் மாதிரி இழுப்பதில்லை. மென்தாலின் குளிர்ச்சி, தொண்டை எரிச்சலை மறைத்துப் புகையை உள்ளே இழுப்பதை எளிதாக்குகிறது. புதிதாகப் பழகுகிற இளவயதினரை அதுதான் பிடித்துவைக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2020 மே 20 முதல் மென்தால் மணமுள்ள சிகரெட்டைத் தடை செய்ததற்குக் காரணம் இதுவே. அப்படி ஒரு பொருளில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று நேர்மையாக அளந்து வைப்பது பொதுநலனுக்கான வேலை. அதை அரைகுறையாகச் செய்யக் கூடாது.

எதை அளக்கிறோம்

புகையை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். ஃபில்டர் பேடில் தங்குவது துகள் பகுதி. பேடைத் தாண்டிப் போவது ஆவிப் பகுதி. பேடில் தங்கிய மொத்த எடையிலிருந்து தண்ணீரையும் நிகோடினையும் கழித்தால் கிடைப்பதுதான் 'தார்'. மென்தாலைக் கழிப்பதில்லை. ஆகவே மென்தால் சிகரெட்டின் தார் எண்ணுக்குள் மென்தாலும் ஒளிந்திருக்கிறது. ஒரே புகையிலைக் கலவையில் செய்த சாதா சிகரெட்டையும் மென்தால் சிகரெட்டையும் ஒப்பிடும்போது இதைத் தனியே காட்டாவிட்டால் ஒப்பீடே தவறாகிவிடும்.

மென்தால் நெருப்பில் பெரும்பாலும் சிதைவதில்லை. கனலுக்குப் பின்னால் ஆவியாகிப் புகையோடு வந்து துகளில் ஒட்டிக்கொள்கிறது. அதனால் பெரும்பகுதி பேடிலேயே பிடிபடும். ஒரு சிறு பங்கு ஆவியாகத் தப்பும். அதைப் பிடிக்க வழி பின்னால் வருகிறது.

சாம்பிள் வாங்குவதும் கொண்டுவருவதும்

கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்துக்குள் சிகரெட் விற்கக் கூடாது என்பது 2003-ஆம் ஆண்டின் புகையிலைப் பொருள் சட்டம். எனவே வளாகத்து வாசலில் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. காரைக்குடி, தேவகோட்டை, புதுக்கோட்டை என்று மூன்று ஊர்களில், ஊருக்கு இரண்டு மூன்று கடைகளில், சீல் உடையாத பெட்டிகளாக வாங்குங்கள். ஒரே கடையில் பத்துப் பெட்டி வாங்கினால் நீங்கள் அளப்பது அந்தக் கடையின் தகர ஷெட்டு வெப்பத்தைத்தான். கடைப் பெயர், தேதி, பெட்டியில் உள்ள தயாரிப்புக் குறி, பெட்டி இருந்த இடம் (வெயில் படும் முன்பக்கக் கண்ணாடியா, உள்ளே அலமாரியா) எல்லாவற்றையும் அங்கேயே எழுதிவிடுங்கள்.

ஒவ்வொரு பெட்டியையும் தனித்தனி அலுமினியத் தாள் பையில் போட்டுச் சூட்டில் ஒட்டிவிடுங்கள். சாதாரணப் பிளாஸ்டிக் பை போதாது. மென்தால் அதில் ஊடுருவும். சாதா சிகரெட்டையும் மென்தால் சிகரெட்டையும் ஒரே பையில், ஒரே பெட்டியில் கொண்டுவரவே கூடாது. இரண்டு வாரம் பக்கத்தில் இருந்த சாதா சிகரெட்டும் மென்தால் காட்டும். ஒப்பீட்டுக்கென்று வைத்திருந்த பொருளே கெட்டுவிடும்.

மென்தாலின் உருகுநிலை ஏறக்குறைய 42 டிகிரி. மே மாத மதியம் நிறுத்திவைத்த காருக்குள் அதைத் தாண்டிவிடும். தெர்மோகோல் பெட்டியில், துணி சுற்றிய ஐஸ் பேக்கோடு கொண்டுவாருங்கள். வந்தவுடன் பையைப் பிரிக்காதீர்கள். குளிர்ந்த பையைப் புழுக்கத்தில் திறந்தால் சிகரெட் மேலேயே தண்ணீர் துளிர்க்கும். அறைச் சூட்டுக்கு வர மூன்று மணி நேரம் விட்டுவிட்டுப் பிரியுங்கள். பல வாரம் வைக்க வேண்டியிருந்தால், பையோடு டீப் ஃப்ரீஸரில் வையுங்கள். அந்த ஃப்ரீஸரில் வேறு சிகரெட் இருக்கக் கூடாது.

பதப்படுத்துதல்: இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்

சர்வதேசத் தர அமைப்பின் விதி ஐஎஸ்ஓ 3402 சொல்வது இது: சிகரெட்டை 22 டிகிரி செல்சியஸ், 60 விழுக்காடு ஈரப்பதத்தில் குறைந்தது 48 மணி நேரம், அதிகபட்சம் 10 நாள் வைக்க வேண்டும். சூடு ஒரு டிகிரி, ஈரப்பதம் மூன்று விழுக்காடு வரை கூடிக் குறையலாம். புகைக்கும் அறைக்குக் கொஞ்சம் தாராளம்: 22 கூட்டிக்கழித்து 2 டிகிரி, 60 கூட்டிக்கழித்து 5 விழுக்காடு. காய்ந்த சிகரெட் வேகமாக எரியும், இழுப்பு எண்ணிக்கை குறையும், எண்கள் மாறிவிடும். ஈரமானது மெதுவாக எரிந்து எதிர்ப்பக்கம் இழுக்கும்.

செட்டிநாட்டு வீட்டுச் சுவரின் கனமும் உயர்ந்த கூரையும் உள்ளறையை வெயிலுக்குத் தாங்கவைக்கும் என்பது உண்மை. ஆனால் அது ஈரத்தைக் கட்டுப்படுத்தாது. பழைய வீட்டை ஆய்வகமாக மாற்றுகிறவர்கள் 'உள்ளே குளுகுளு என்றுதானே இருக்கிறது' என்று நம்பிவிட வேண்டாம். ஹைக்ரோமீட்டர் (ஈரப்பதமானி) சொல்வதை மட்டும் நம்புங்கள், அதையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சரிபாருங்கள்.

மென்தாலுக்கு வரும் சிக்கல் இதுதான். பதப்படுத்தும் கேபினெட்டில் ஃபேன் சுற்றும். சிகரெட்டுகள் தட்டில் விரித்து வைக்கப்பட்டிருக்கும். 48 மணி நேரக் காற்றோட்டத்தில் மென்தால் பறந்துகொண்டே இருக்கும். பறந்தது கேபினெட்டில் இருக்கிற மற்ற சிகரெட்டுகளில் போய் உட்காரும். அதனால்:

மென்தால் சிகரெட்டுக்கென்று தனிக் கேபினெட், அல்லது தனி டெசிக்கேட்டர் (இறுக மூடும் கண்ணாடிப் பாத்திரம்) வையுங்கள். டெசிக்கேட்டர்தான் எங்கள் பரிந்துரை. அடியில் சோடியம் புரோமைடின் நிறைவுற்ற கரைசலை, உப்பு கொஞ்சம் கரையாமல் கிடக்கும்படி ஊற்றிவிட்டால் 22 டிகிரியில் உள்ளே 58, 59 விழுக்காடு ஈரப்பதம் நிற்கும், அது வரம்புக்குள்தான். மூடியிருப்பதால் மென்தால் வெளியே போவதும் குறையும். மின்வெட்டு வந்தால் கேபினெட்டைவிட இது நிதானமாகத் தாங்கும். ஆனால் அறைச் சூடு 30 டிகிரிக்கு ஏறிவிட்டால் இதே கரைசல் 56-க்கு இறங்கிவிடும், ஆகவே ஏசி நின்ற நேரத்தைப் பதிவேட்டில் குறித்தே ஆக வேண்டும்.

ஒரு டெசிக்கேட்டருக்கு ஒரு பிராண்டு. தட்டில் ஒற்றை அடுக்கு. 48 மணி நேரம் முடிந்ததும் எடுத்துவிடுங்கள். பத்து நாள் வரை அனுமதி இருக்கிறது என்பதற்காகப் பத்து நாளும் வைக்காதீர்கள்.

இழப்பு எவ்வளவு என்று தெரியாமல் இருப்பதுதான் பெரிய தவறு. ஆகவே பெட்டியைத் திறந்த அந்த நிமிடமே ஐந்து சிகரெட்டை எடுத்து, ஃபில்டரையும் புகையிலைத் தண்டையும் பிரித்து, தனித்தனியாக 20 மி.லி. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் போட்டு மூடி ஒரு மணி நேரம் குலுக்குங்கள். பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித் தாளையும் அப்படியே ஒரு பாட்டிலில் போடுங்கள். பதப்படுத்தி முடிந்த பிறகு இன்னொரு ஐந்து சிகரெட்டை அதேபோலச் செய்யுங்கள். முன்னதற்கும் பின்னதற்கும் உள்ள வித்தியாசமே உங்கள் கேபினெட் தின்ற மென்தால். தாளில் இருக்கிற அளவைப் பார்த்தால் முதல் முறை எல்லோருக்கும் வியப்பாக இருக்கும்: தண்டில் தூவினார்களா, தாளில் தடவினார்களா என்று சொல்ல முடியாதபடி அது எல்லா இடத்திலும் பரவியிருக்கும்.

மெஷினைத் தயார் செய்தல்

இரண்டு இழுப்பு முறைகள் தேவை. ஐஎஸ்ஓ 3308 முறையில் ஓர் இழுப்பு 35 மி.லி., 2 நொடி நீளம், 60 நொடிக்கு ஒருமுறை, காற்றுத் துளைகள் திறந்தபடி. தீவிர முறையில் (உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வக வலையமைப்பு வெளியிட்ட முதல் செயல்முறையும் ஐஎஸ்ஓ 20778-உம் இதுவே) 55 மி.லி., 2 நொடி, 30 நொடிக்கு ஒருமுறை, துளைகள் முழுவதும் அடைத்து. மென்தால் சிகரெட் பலவற்றில் ஃபில்டரில் காற்றுத் துளை உண்டு. திறந்த துளையில் புகை நீர்த்துப்போய் எண் சின்னதாகத் தெரியும். புகைப்பவரின் விரலும் உதடும் அந்தத் துளையை மூடிவிடுகின்றன. அதனால் இரண்டு முறையிலும் அளந்து இரண்டு எண்ணையும் சேர்த்தே தர வேண்டும்.

துளையை அடைக்கச் செல்லோ டேப்பை ஃபில்டரைச் சுற்றி ஒரே சுற்றாக, ஓரம் லேசாக ஒன்றின்மேல் ஒன்று வரும்படி ஒட்டுங்கள். சுருக்கம் விழுந்தால் அதன் வழியே காற்று நுழையும். நல்ல வெளிச்சத்தில் ஒவ்வொன்றையும் திருப்பிப் பாருங்கள்.

இழுப்பின் அளவைச் சோப்புக் குமிழி மீட்டரால், ஒரு கிலோபாஸ்கல் அழுத்தத் தடையை மாட்டிவைத்துச் சரிபாருங்கள். தடையில்லாமல் 35 காட்டுகிற மெஷின், பேடும் சிகரெட்டும் மாட்டியவுடன் 34-க்கு இறங்குவது சர்வசாதாரணம். ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு சேனலிலும் இதைச் செய்யுங்கள்.

சிகரெட்டைச் சுற்றிப் போகும் காற்றின் வேகம் நொடிக்கு 200 மி.மீ., 30 கூடலாம் குறையலாம். இதைப் படிக்கும்போது தலைக்குமேல் பாருங்கள்: சீலிங் ஃபேன் ஓடுகிறதா? அணையுங்கள். ஃபேன் காற்றில் சிகரெட் இழுப்புக்கு நடுவிலேயே எரிந்து தீர்ந்துவிடும். வியர்த்தாலும் பரவாயில்லை.

பேடு கண்ணாடி நாரால் ஆனது. ஐந்து சிகரெட்டுக்கு 44 மி.மீ., இருபதுக்கு 92 மி.மீ. சிறியது 150 மி.கி., பெரியது 600 மி.கி. வரை தாங்கும். தீவிர முறையில் புகை அடர்த்தியாக வரும் என்பதால் சிறிய பேடுக்கு மூன்று சிகரெட்டோடு நிறுத்துங்கள். மிஞ்சினால் பேடின் பின்பக்கம் மஞ்சள் பூக்கும். அப்படிப் பூத்துவிட்டால் அந்த ரன்னைத் தூக்கிப் போடுங்கள், திருத்தக் கணக்கு எதுவும் கிடையாது.

அடித்துண்டின் (புகைக்காமல் விடும் மிச்சத்தின்) நீளத்தை முன்கூட்டியே கோடு போட்டு வையுங்கள். 23 மி.மீ., ஃபில்டர் நீளத்தோடு 8 மி.மீ., ஃபில்டர் மேல் சுற்றிய தாளின் நீளத்தோடு 3 மி.மீ. என்ற மூன்றில் எது பெரிதோ அது. ஃபில்டர் 24, தாள் 30 என்றால் 32-உம் 33-உம் வரும், கோடு 33-இல். மெல்லிய பால்பாயிண்ட் பேனாவே போதும். மார்க்கர் வேண்டாம், அதன் கரைப்பான் குரோமட்டோகிராமில் (ஜிசி வரையும் வரைபடத்தில்) தலைகாட்டும்.

ஓட்டும் வரிசை

பேடையும் அதைத் தாங்கும் ஹோல்டரையும் இடுக்கியால் பிடித்து மாட்டி, மூடியோடு எடை பாருங்கள், 0.1 மி.கி. வரை. வெறும் விரல் பட்டால் வியர்வை எடையில் ஏறும், கையுறை கட்டாயம்.

வரிசை முக்கியம். முதலில் ஒப்பீட்டுச் சிகரெட் (கென்டக்கிப் பல்கலைக்கழகத்தின் 1ஆர்6எஃப் போன்றது), பிறகு சாதா சிகரெட், கடைசியில்தான் மென்தால். மெஷினின் ரப்பர் சீல்கள் மென்தாலைக் குடித்துவைத்துக்கொண்டு அடுத்த சிகரெட்டுக்குக் கொடுக்கும். மென்தாலுக்கென்று தனிச் சீல் செட் ஒன்று வாங்கிவையுங்கள். விலை அதிகமில்லை, அது காப்பாற்றுகிற நாள்கள் அதிகம். ஹோல்டர்களை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கழுவி ஆறவிடுங்கள். மென்தால் ரன் முடிந்த பிறகு ஒரு சாதா சிகரெட்டை ஓட்டி அதில் மென்தால் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் மறுபடி கழுவல்.

சிகரெட்டை 9 மி.மீ. உள்ளே செருகி, மின் லைட்டரால் முதல் இழுப்பிலேயே பற்றவையுங்கள். லைட்டர் சிகரெட்டைத் தொடக் கூடாது. கோட்டைத் தொட்டவுடன் கனலை நீக்கி, அடித்துண்டை அரை நிமிடம் அப்படியே விடுங்கள். உள்ளே தங்கிய புகை பேடில் படியட்டும். இழுப்பு எண்ணிக்கையைக் கடைசி இழுப்பின் பங்கோடு சேர்த்து எழுதுங்கள்.

நடுவில் கரண்ட் போனால் அந்த ரன் போனதுதான். இன்வெர்ட்டரில் மெஷினும் எக்ஸாஸ்டும் இரண்டுமே இருக்க வேண்டும். எக்ஸாஸ்ட் மட்டும் நின்றால் அறை முழுதும் புகை, உங்கள் நுரையீரல்தான் அடுத்த ஃபில்டர்.

ஆவிப் பகுதியைப் பிடிக்க, பேடுக்குப் பின்னால் 10 மி.லி. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் உள்ள குமிழிப் பாட்டிலை ஐஸ் தண்ணீரில் அமிழ்த்தி வையுங்கள். ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக இரண்டு பாட்டில் இருந்தால் இரண்டாவதில் மென்தால் தெரிகிறதா என்று பார்த்து முதலாவது போதுமா என்று தீர்மானிக்கலாம். பாட்டில் மாட்டியதும் இழுப்பின் அளவை மறுபடி சரிபாருங்கள். தண்ணீரும் தாரும் அளக்கிற ரன்னில் பாட்டில் மாட்ட வேண்டாம்; இதற்குத் தனி ரன்.

பேடிலிருந்து கரைசலுக்கு

புகைத்து முடித்ததும் மூடி போட்டு எடை பார்த்து, உடனே கரைசலுக்குப் போங்கள். சாயந்திரம் புகைத்துவிட்டுக் காலையில் கரைக்கலாம் என்று வைத்தால் மென்தால் அதற்குள் ஹோல்டரின் பிளாஸ்டிக்குக்குள் ஏறியிருக்கும்.

பேடைப் புகைபட்ட பக்கம் உள்ளே இருக்கும்படி மடித்து 100 மி.லி. மூடிக் குடுவையில் போடுங்கள். பயன்படுத்தாத ஒரு பேடின் இரண்டு கால் துண்டுகளால் ஹோல்டரின் முன்பக்க உள்சுவரைத் துடைத்து அதையும் சேர்த்துப் போடுங்கள். இந்தத் துடைப்பை விட்டுவிடுகிறவர்கள் நிறைய. சுவரில் படிந்த மஞ்சளைப் பார்த்தால் எவ்வளவு விட்டார்கள் என்று தெரியும். சிறிய பேடுக்கு 20 மி.லி., பெரியதற்கு 50 மி.லி. கரைப்பான் ஊற்றி 20 நிமிடமாவது குலுக்குங்கள். பேடு நாராகச் சிதறும் அளவுக்கு வேகம் வேண்டாம்.

கரைப்பான் என்பது ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். அதில் ஏற்கெனவே இரண்டு உள் ஒப்பீட்டுப் பொருள்கள் (தெரிந்த அளவில் சேர்த்து, மற்றதை அதோடு ஒப்பிட்டு அளக்க உதவுபவை) கலந்திருக்க வேண்டும்: நிகோடினுக்கும் மென்தாலுக்கும் என்-ஹெப்டாடெக்கேன், தண்ணீருக்கு எத்தனால். கரைப்பானில் தண்ணீர் மி.லி.-க்கு 1 மி.கி.-க்கு மேல் இருக்கக் கூடாது. கார்த்திகை மாதத்தில் பாட்டிலை நாலு தடவை திறந்து மூடினாலே அது ஏறிவிடும். மூலக்கூறுச் சல்லடை மணிகளைப் போட்டுவையுங்கள், சிறு பாட்டில்களில் பிரித்து வையுங்கள்.

பிளாங்க் பேடுகளை (புகை படாத ஒப்பீட்டுப் பேடுகளை) மறக்கக் கூடாது. பற்றவைக்காத சிகரெட்டோடு அதே எண்ணிக்கை இழுப்பு இழுத்த பேடு ஒன்று, வெறுமனே மாட்டிக் கழற்றிய பேடு ஒன்று. முதல் பேடைச் சாதா சிகரெட்டில் ஓட்டுங்கள். தண்ணீர் கணக்கில் அதைத்தான் கழிப்போம். மென்தால் சிகரெட்டில் இதையே செய்து பார்த்தால் நெருப்பில்லாமலே பேடில் மென்தால் வந்திருக்கும். அது பிழை இல்லை, பொருளின் குணம். ஆனால் அதைப் பிளாங்க் என்று எண்ணி மென்தால் முடிவிலிருந்து கழித்துவிடாதீர்கள்.

எந்த நிலையிலும் கரைசலை நைட்ரஜன் ஊதிச் செறிவாக்க வேண்டாம். ஆல்கஹாலோடு மென்தாலும் கிளம்பிவிடும். அளவு போதவில்லை என்றால் கூடுதல் சிகரெட் புகையுங்கள்.

ஜிசி

மென்தாலும் நிகோடினும் ஒரே ஊசியில் முடியும். 30 மீட்டர் நீளம், 0.25 மி.மீ. உள்விட்டம், 5 விழுக்காடு ஃபினைல் பூச்சுள்ள கேப்பிலரி காலம் (பொருள்களைப் பிரிக்கும் மெல்லிய குழாய்), ஊசி முனை 250 டிகிரி, பிரிப்பு 10-க்கு 1, அடுப்பு 70 டிகிரியில் 2 நிமிடம், பிறகு நிமிடத்துக்கு 10 டிகிரி வீதம் 240 வரை, எஃப்ஐடி (சுடர் அயனியாக்க டிடெக்டர்) 260. முதலில் மென்தால், அடுத்து நிகோடின், கடைசியில் ஹெப்டாடெக்கேன். தண்ணீருக்கு வேறு காலம், வெப்பக் கடத்துதிறன் டிடெக்டர். அல்லது கார்ல் ஃபிஷர் முறை.

உள் ஒப்பீட்டுப் பொருள் இல்லாத கரைப்பானில் ஒரு மென்தால் பேடைக் கரைத்து ஒரு தடவை ஊசி போடுங்கள். ஹெப்டாடெக்கேன் வரவேண்டிய இடம் வெறுமையாக இருக்க வேண்டும். சாதா சிகரெட்டுக்குப் பழகிய ஆய்வகங்கள் மென்தாலுக்கு மாறும்போது இதைத் தாண்டிப்போகின்றன. மணப்பொருள் சேர்த்த சிகரெட்டில் எது எங்கே வந்து உட்காரும் என்று பெட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது. புதினா எண்ணெயாகச் சேர்த்திருந்தால் மென்தோனும் மென்தைல் அசிட்டேட்டும் பக்கத்திலேயே நிற்கும். நியோமென்தால் (மென்தாலின் மாற்று வடிவம்) பீக், அதாவது வரைபட மேடு, மென்தாலின் தோளில் ஏறிக்கொண்டால் சூடேற்றும் வேகத்தை 5 டிகிரிக்குக் குறையுங்கள். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் இருந்தால் நிறை எண் 71, 81, 95 மூன்றும் சேர்ந்து வருகிறதா பாருங்கள். 71-ஐக் கொண்டு அளந்து, மற்றவற்றால் உறுதி செய்யுங்கள்.

மென்தால் அளவுகோல் கரைசல்கள் மி.லி.-க்கு 0.01 முதல் 1 மி.கி. வரை ஆறு புள்ளிகள். படிகத்தை எடை போடும்போது தராசுத் தட்டில் நேரடியாக வைக்காதீர்கள். மூடியுள்ள வயலுக்குள் போட்டு வித்தியாசம் பாருங்கள். ஒரு தடவை குத்திய வயல் மூடியை மாற்றாமல் நாளைக்கு மறுபடி ஊசி போடவும் கூடாது.

கணக்கு

உதாரணத்துக்கு: ஐந்து சிகரெட், பேடின் எடைக் கூடுதல் 72.5 மி.கி. சிகரெட்டுக்கு 14.5. ஜிசி சொல்வது நிகோடின் 1.1, தண்ணீர் (பிளாங்க் கழித்து) 1.6. தார் 14.5 - 1.1 - 1.6 = 11.8 மி.கி. கரைசலில் மென்தால் மி.லி.-க்கு 0.15 மி.கி. என்றால், 20 மி.லி.-இல் 3.0 மி.கி., சிகரெட்டுக்கு 0.6. அறிக்கையில் 'தார் 11.8, அதில் மென்தால் 0.6' என்று எழுதுங்கள். குமிழிப் பாட்டிலில் வந்தது தனி வரி.

பிறகு ஒரு வரவு செலவுக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஃபில்டரும் தண்டும் சேர்த்துப் பதப்படுத்திய சிகரெட்டில் இருந்த மென்தால் வரவு. பேடு, பாட்டில், அடித்துண்டு மூன்றும் செலவு. மீதி பக்கப் புகையில் (இழுப்புக்கு நடுவே கனலிலிருந்து எழும் புகையில்) போயிருக்கும். செலவு வரவைவிட அதிகமாக வந்தால் எங்கோ மாசு கலந்திருக்கிறது என்று பொருள். அடித்துண்டை அளக்காமல் எறிந்துவிடாதீர்கள். ஃபில்டர் மென்தாலை நிறையப் பிடித்துவைக்கும்.

கார்பன் மோனாக்சைடு பேடைத் தாண்டிப் பைக்குள் சேரும்; அகச்சிவப்புக் கருவியில் அளக்கலாம். 35 மி.லி. வீதம் 8 இழுப்பு, பையில் 4 விழுக்காடு என்றால் 11.2 மி.லி. வாயு. 22 டிகிரி, 100.5 கிலோபாஸ்கலில் இருந்து நியம நிலைக்கு மாற்றினால் 10.28 மி.லி.; 28-ஆல் பெருக்கி 22.4-ஆல் வகுத்தால் 12.9 மி.கி. மென்தால் ஆவி கருவியின் கண்ணாடியில் படியும், ஆகவே முன்னால் இன்னொரு பேடு வைத்து வாரம் ஒருமுறை மாற்றுங்கள்.

கேப்ஸ்யூல் உள்ள சிகரெட்

ஃபில்டருக்குள் நசுக்கும் மணி இருந்தால் அது ஒரு சிகரெட் இல்லை, இரண்டு சிகரெட். நசுக்காமல் ஒரு செட், நசுக்கி ஒரு செட். பதப்படுத்திய பிறகு, மெஷினில் செருகுவதற்குச் சற்று முன்பு நசுக்குங்கள். முந்திய நாளே நசுக்கினால் டெசிக்கேட்டர்தான் புகைத்திருக்கும். விரலுக்கு விரல் அழுத்தம் மாறும். மழுங்கிய இடுக்கியில் நடுவில் வைத்து 'டப்' என்று ஒரே அழுத்தம். பிறகு ஃபில்டர் உருண்டையாக இருக்கிறதா பாருங்கள். சப்பையாகிவிட்டால் சீல் கவ்வாது, காற்று புகும். ஓடு சரியாக உடையாதவற்றை அடித்துண்டை வெட்டிப் பார்த்தால் தெரியும்; அவற்றைப் பதிவு செய்து கணக்கிலிருந்து நீக்குங்கள்.

எண் ஒத்துவராதபோது

பிளாங்கிலேயே மென்தால் வருகிறதா? மெஷினைச் சந்தேகிக்கும் முன் ஆள்களைப் பாருங்கள். தலைவலித் தைலம், இருமல் மிட்டாய், பற்பசை, கோடையில் கழுத்தில் கொட்டிக்கொள்ளும் வேர்க்குரு பவுடர் என்று பலவற்றில் மென்தால் உண்டு. தைலம் தடவிய நெற்றியைத் தொட்ட கையுறை ஒன்று போதும், ஒரு நாள் வேலை வீண். ஆய்வகக் கதவில் இதை எழுதி ஒட்டிவையுங்கள்.

பேடுக்குப் பேடு மென்தால் மட்டும் சிதறி, நிகோடின் ஒழுங்காக வருகிறதென்றால் புகைத்தலில் கோளாறு இல்லை. பதப்படுத்தலிலோ பெட்டியிலோ இருக்கிறது. தட்டின் ஓரத்தில் இருந்தவையும் நடுவில் இருந்தவையும் எந்தப் பேடுக்குப் போயின என்று பாருங்கள். நிகோடினும் சேர்ந்து சிதறினால் இழுப்பின் அளவு, சீல், டேப். தண்ணீர் மட்டும் ஏறினால் கரைப்பான் பாட்டில். நாள் போகப்போக மென்தால் படிப்படியாக இறங்கிக்கொண்டே வந்தால், பெட்டிகள் திறந்து கிடக்கின்றன என்று அர்த்தம். ஒரு பிராண்டின் ஐந்து பேடுகளையும் அடுத்தடுத்த இரண்டு நாளில் முடித்துவிடுங்கள்.

ஆல்டிஹைடு, நைட்ரோசமைன், பென்சோபைரீன் ஆகியவற்றுக்கு வேறு பொறிகள், வேறு கருவிகள் வேண்டும். சாம்பிள் எடுப்பதும் பதப்படுத்துவதும் மட்டும் இதேதான்.

சட்டப்படியான சோதனை நொய்டா, மும்பை, குவாஹாத்தியில் உள்ள தேசியப் புகையிலைச் சோதனை ஆய்வகங்களின் வேலை. நம் ஊர் ஆய்வகத்தில் கிடைக்கும் எண்ணை ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்கும் பயன்படுத்துங்கள். அறிக்கையில் எந்த இழுப்பு முறை, துளை திறந்ததா அடைத்ததா, கேப்ஸ்யூல் நசுக்கியதா, பதப்படுத்திய மணி நேரம், பதப்படுத்தும்போது போன மென்தால், அறைச் சூடு, ஈரப்பதம், காற்றழுத்தம் ஆகிய எட்டும் எண்ணுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். கடைசிப் பக்கத்து அடிக்குறிப்பில் போட்டால் எண்ணை மட்டும் வெட்டி எடுத்துப் போய்விடுவார்கள்.

மிஞ்சிய சிகரெட்டுகளை எண்ணிப் பூட்டிவையுங்கள். அடித்துண்டுகளைத் தண்ணீரில் நனைத்து, பேடுகளோடும் கரைசல்களோடும் தனி டப்பாவில் அபாயக் கழிவாக அனுப்புங்கள். நிகோடின் அளவுகோல் கரைசல் தோலில் பட்டால் உள்ளே இறங்கும். சிந்தினால் உடனே சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும், கையுறையையும் மாற்றிவிட வேண்டும்.